நாணயத்தின் நாணயம்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் இருபொருள் உடையது. கையால் வாங்கிக் கையால் கொடுக்கும் காசும் நாணயம். சொன்ன சொல்லினின்றும் பிறழாத நேர்மையும் நாணயம். வாங்கிய கடனைக் குறித்த நாளில் திருப்பித் தருபவரை ‘நாணயமானவர்’ என்று போற்றுகிறோம். அவ்வாறே, காசு ஏற்கப்படுமாயின் ‘செல்லும்’ என்கிறோம். ஏற்கப்படாதாயின் ‘செல்லாது’ என்கிறோம். காசின் உயிர் அதன் உலோகத்தில் மட்டும் இல்லை, கைவிட்டுக் கை செல்லும் அதன் நடையிலும் இருக்கிறது என்பதை இச்சொல்லாட்சிகள் நமக்கு உணர்த்துகின்றன.

ஊர்விட்டு ஊர் வந்து, மாதச் சம்பளமும் நாட்கூலியும் கொண்டு குடும்பம் நடத்தும் நம்மனோர்க்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உழைப்புக்கு ஈடாகக் கைக்கு வந்த காசு நாளைக்கும் செல்லுமா என்பது எக்காலத்தும் எளியோர் நெஞ்சில் எழும் வினா. அவ்வினா ஒரு நாட்டையே உலுக்கிய வரலாறு ஒன்று உண்டு. அது பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. சம்மட்டியால் அடிக்கப்பட்ட வெள்ளிக் காசுகளே அந்நிகழ்ச்சிக்குக் காரணமாயின. அவற்றின் கதையை இங்குச் சிறிது காண்போம்.

சம்மட்டியும் அச்சும்

காசு அடிக்கும் இடத்தை நம் முன்னோர் அக்கசாலை என்றனர். பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கைப் பகுதியில் இன்றும் அப்பெயர் வழங்குகிறது. சென்னையில் ‘தங்கசாலை’ என்னும் தெருப்பெயரை அறியாதார் இல்லை. இங்கிலாந்தின் தலைமை அக்கசாலை, இலண்டனில் தேம்சு ஆற்றங்கரையில் உள்ள கோபுரக் கோட்டையினுள் இருந்தது.

அங்கு வெள்ளிக் காசு பிறந்த முறை எளிமையானது. வெள்ளியைச் செம்புடன் சேர்த்து உருக்கிப் பாளமாக வார்ப்பர். பாளத்தைத் தட்டித் தகடாக்குவர். தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, பெருங்கத்தரியால் ஓரம் நறுக்கி எடை சரிசெய்து, வட்டமாகத் தட்டி வில்லையாக்குவர். பின்னர் அச்சு. கீழச்சின் அடியில் கூரிய முனை இருக்கும். அதனை ஒரு மரக்கட்டையில் ஆழப் பதித்து நிறுத்துவர். அதன்மேல் வெள்ளி வில்லையை வைத்து, அதற்கும் மேலே மேலச்சைக் கையால் பிடித்துக்கொண்டு, சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். ஒருபுறம் அரசன் முகமும் மறுபுறம் அரசச் சின்னமும் பதிந்துவிடும்.

கையின் நடுக்கமும் அடியின் வேறுபாடும் காசிலே தெரிந்தன. ஒரு காசில் அரசன் முகம் நடுவே அமையும். மற்றொன்றில் ஓரத்தில் ஒதுங்கும். எழுத்துகளில் சில வில்லைக்கு வெளியே போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, காசின் ஓரம் ஒழுங்கற்று இருந்தது. இரண்டு காசுகள் ஒன்றுபோல் இருப்பது அரிது. இந்த ஓரமே பின்னர் வந்த கேட்டிற்கெல்லாம் வாயிலாயிற்று.

ஆயினும் அக்கசாலை நேர்மையற்றது என்று எண்ணிவிடலாகாது. 1000 பங்கில் 925 பங்கு தூய வெள்ளி இருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு மாற்று. 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன். 1601 முதல் ஒரு டிராய் இராத்தல் எடையுள்ள வெள்ளியிலிருந்து 62 ஷில்லிங் அடிக்கப்பட்டது. ஆகவே ஒரு ஷில்லிங் காசு 6 கிராமுக்குச் சற்று மிகுதியான எடை உடையது. அடித்த காசுகளில் சிலவற்றை ஒரு பெட்டியில் தனியே இட்டு வைத்து, பொற்கொல்லர் குழு ஒன்றைக் கொண்டு மாற்றும் எடையும் சோதிக்கும் வழக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலே அங்கு உண்டு. பண்டைத் தமிழகத்தில் காசு நோட்டம் பார்த்த வண்ணக்கரை நமக்கு நினைவூட்டும் வழக்கம் இது. ஆனால் அச்சோதனை, காசு அக்கசாலையை விட்டு வெளியேறும் வரையில்தான் காவல் செய்தது. வெளியேறிய பின் காசுக்குக் காவல் இல்லை.

அரசன் செய்த குறை

காசின் நாணயத்தை முதலில் கெடுத்தவர் குடிமக்கள் அல்லர், அரசரே. போர்ச் செலவுக்குப் பொருள் தேடிய எட்டாம் ஹென்றி, 1544 முதல் வெள்ளிக் காசின் மாற்றை வெளிப்படையாகக் குறைக்கத் தொடங்கினார். 1545ஆம் ஆண்டளவில் காசில் பாதி வெள்ளி, பாதி செம்பு. அடுத்து மூன்றில் ஒரு பங்கே வெள்ளி. அவர் மகன் ஆறாம் எட்வர்டு காலத்தில், 1551இல் அடித்த சில காசுகளில் நான்கில் ஒரு பங்கே வெள்ளி இருந்தது. காசின் மேற்பரப்பு மட்டும் வெள்ளிபோல் வெளுத்திருக்கும். அரசரின் முகம் நேர்முகமாகப் பொறிக்கப்பட்டிருந்ததால், புழங்கப் புழங்க மூக்கின் நுனியில்தான் முதலில் தேய்வு ஏற்பட்டது; உள்ளிருந்த செம்பு சிவந்து தோன்றியது. குடிமக்கள் தம் அரசருக்குச் ‘செப்பு மூக்கர்’ என்று பெயர் சூட்டினர்.

இக்குறையைத் திருத்தப் புகுந்தபோது அதன் சுமை யார்மேல் விழுந்தது என்பது கருதத்தக்கது. 12 பென்னிக்குச் சென்ற ஷில்லிங், 1551ஆம் ஆண்டின் கோடையில் முதலில் 9 பென்னி என்றும், பின்னர் 6 பென்னி என்றும் அறிவிக்கப்பட்டது. முதலாம் எலிசபெத் அரசியார் 1560இல் பழைய மாற்றை மீட்கத் தொடங்கியபோது, அதே காசுகளில் சிறந்தவை நாலரை பென்னி, தாழ்ந்தவை இரண்டேகால் பென்னி என மதிக்கப்பட்டன. அரசியாரின் செயலால் நாட்டின் நாணயம் உயர்ந்தது. அவர் புகழும் ஓங்கியது. ஆனால் அறிவிப்பு வந்த அன்று அக்காசு எவர் கையில் இருந்ததோ, அவர் இழந்தார்.

இங்கிலாந்துக்கு மட்டும் உரிய குற்றம் இது எனக் கொள்ளல் வேண்டா. 1619 முதல் 1623 வரை செருமானிய நாடுகளில் சிற்றரசர் பலர் போட்டியிட்டுக் கொண்டு மட்டக் காசு அடித்தனர். தம் காசுகளை அண்டை நாட்டிற்கு அனுப்பி அங்குள்ள நற்காசுகளைத் திரட்டி உருக்கினர். முடிவில் உழவர் தானியம் விற்க மறுக்கும் நிலை வந்தது. காசு அடிக்கும் உரிமை அரசனுக்கு உரியதாயினும், காசு சமுதாயத்திற்கு உரியது என்று பதினான்காம் நூற்றாண்டிலேயே நிக்கோல் ஓரெம் என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுதினார். ஞாயிற்றை மையமாக வைத்து வானியலை மாற்றிய கோப்பர்நிக்கசும், 1526இல் காசடிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதி, மட்டக் காசு நாட்டை அழிக்கும் என எச்சரித்தார். கேட்டவர் சிலரே.

குடிகள் செய்த குறை

அரசர் மாற்றைக் குறைத்தார். குடிகளுள் சிலர் எடையைக் குறைத்தனர். ஒழுங்கற்ற ஓரமுடைய காசில், கத்தரியால் ஒரு மெல்லிய நறுக்கு நறுக்கினால் எவர் கண்டறிவார்? நறுக்கிய காசு முழு ஷில்லிங்காகவே செல்லும்; நறுக்கிய துகள் உருகி வெள்ளிக் கட்டியாகும். சிலர் காசுகளைத் தோற்பையில் இட்டுக் குலுக்கி, உதிர்ந்த வெள்ளிப் பொடியைத் திரட்டினர். வேறு சிலர், எடை மிகுந்த காசுகளைத் தேர்ந்து உருக்கி, எடை குறைந்தவற்றைப் புழக்கத்தில் விட்டனர்.

சட்டம் கடுமையாகவே இருந்தது. காசைக் கத்தரிப்பது அரசத் துரோகம். அகப்பட்ட ஆடவரைத் தூக்கிலிட்டனர், பெண்டிரைத் தீயிலிட்டனர். பெண்களுக்கு விதித்த அக்கொடுந்தண்டனை 1790இல்தான் நீக்கப்பட்டது. ஆயினும் குற்றம் குறையவில்லை. சில கத்தரி வெட்டில் பலநாள் கூலி கிடைக்கும்போது அச்சம் எவ்வளவு தூரம் தடுக்கும்?

தண்டனையால் இயலாததைப் பொறியால் இயற்றலாம் என்று கருதியோர் இருந்தனர். பாரிசிலிருந்து வந்த எலுவா மெஸ்ட்ரெல் என்பவர் 1561இல் கோபுரக் கோட்டையில் திருகுப்பொறி அமைத்து, வட்டம் பிசகாத அழகிய காசுகளை அடித்தார். சம்மட்டியால் பிழைத்த தொழிலாளர் அவரை விரும்பவில்லை. பொறி மெதுவாக வேலை செய்கிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 1572இல் அவர் பணி நீங்க நேர்ந்தது. பின்னர் அவரே கள்ளக்காசு அடித்த குற்றத்திற்காக 1578இல் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சம்மட்டியே ஆண்டது. 1662இல், பியேர் புளாண்டோ என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரரின் முறையைக் கொண்டு இங்கிலாந்து பொறிக்காசுக்கு மாறியது.

புதுக் காசின் சிறப்பு அதன் ஓரத்தில் இருந்தது. சிறு காசுகளின் ஓரத்தில் நுண்ணிய வரிகள். பெருங்காசுகளின் ஓரத்தில் ‘அணியும் காவலும்’ என்று பொருள்படும் இலத்தீன் சொற்கள். இனி ஓரத்தைத் தொட்டால் வரி அழியும். வரி அழிந்தால் குழந்தையும் கண்டுபிடிக்கும். இன்று நம் கையில் உள்ள காசுகள் சிலவற்றின் ஓரத்தில் விரலால் தடவி உணரும் வரிகள் இக்காவலின் வழிவந்தவையே.

நல்ல காசு மறைந்த கதை

பொறி வந்தது, நோய் தீரவில்லை. ஏனெனில் பழைய சம்மட்டிக் காசுகளை எவரும் திரும்பப் பெறவில்லை. இரண்டும் ஒரே மதிப்பில் சென்றன. ஒருவர் கையில் முழு எடையுள்ள புதுக் காசும் கத்தரிக்கப்பட்ட பழங்காசும் இருந்தால் எதனைக் கடைக்காரரிடம் கொடுப்பார்? பழங்காசு கடைக்குச் சென்றது. புதுக்காசு பெட்டிக்குள்ளோ, உருக்குலைக்கோ, கடல்கடந்தோ சென்றது. நல்லது மறைய அல்லது நின்றது.

1688இல் பிரான்சுடன் தொடங்கிய நெடும்போர் நிலையை முற்றச் செய்தது. கடல்கடந்து போரிட்ட படைகளுக்கு ஊதியம் தர வெள்ளி வெளியேறியது. அங்கே கத்தரித்த காசுக்கு மதிப்பில்லை, எடைக்கே மதிப்பு. 1695ஆம் ஆண்டின் நிலையை ஒரு கணக்கு காட்டும். மே, சூன், சூலை ஆகிய மூன்று திங்களில் அரசுக் கருவூலத்திற்கு வந்த வெள்ளிக் காசுகளுள் 57,200 பவுன் மதிப்புள்ளவற்றை நிறுத்துப் பார்த்தனர். சட்டப்படி அவை 2,21,418 அவுன்சு இருத்தல் வேண்டும். இருந்ததோ 1,13,771 அவுன்சு. ஏறத்தாழப் பாதி வெள்ளி கத்தரிக்கும் தேய்மானத்திற்கும் இரையாகிவிட்டது. ‘கினி’ எனப்பட்ட பொற்காசு முன்பு 21 ஷில்லிங் 6 பென்னிக்குச் சென்றது. அவ்வாண்டின் நடுவில் 30 ஷில்லிங்கிற்கு உயர்ந்தது. பொன் உயரவில்லை, ஷில்லிங்கின் மேல் வைத்த நம்பிக்கை தாழ்ந்தது. வாங்குவோரும் விற்போரும் விலை பேசி முடித்த பின், எந்தக் காசில் என்பதைப் பற்றி மீண்டும் பூசலிட்டனர்.

இருவர் வழக்கு

பழங்காசு முழுவதையும் உருக்கிப் புதிதாக அடிக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்த எடையில் அடிப்பது என்பதே வழக்கு. கருவூலச் செயலர் வில்லியம் லவுண்ட்ஸ், புதுக்காசில் வெள்ளியை ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்றார். அவர் கூறிய காரணம் இது: சந்தையில் ஓர் அவுன்சு வெள்ளி 6 ஷில்லிங் 5 பென்னிக்கு விற்கிறது, ஓர் அவுன்சு வெள்ளியில் அக்கசாலை அடிப்பதோ 5 ஷில்லிங் 2 பென்னிதான். முழு எடைக் காசு அடித்தால் அது அக்கசாலையிலிருந்து நேரே உருக்குலைக்குப் போகும்.

தத்துவ அறிஞர் ஜான் லாக் இதனைக் கடுமையாக மறுத்தார். ஷில்லிங் என்பது வெறும் பெயர் அன்று. இவ்வளவு வெள்ளி தருவேன் என்னும் வாக்குறுதி. பெயரை வைத்துக்கொண்டு வெள்ளியைக் குறைப்பது, கடன் கொடுத்தவரையும் குத்தகைக்கு விட்டவரையும் சட்டத்தின் பெயரால் ஏமாற்றுவதாகும் என்பது அவர் வாதம். ஐசக் நியூட்டனிடமும் கருத்துக் கேட்டனர். அவர் லவுண்ட்சின் பக்கமே சாய்ந்தார். ஆனால் பாராளுமன்றத்தில் வென்றது லாக்கின் கொள்கை. பழைய மாற்று, பழைய எடை, இம்மியும் குறையாது. வாக்குத் தவறாமை என்னும் அறம் வென்றதாகவே அன்று பலர் கருதினர்.

இழப்பு யாருக்கு?

அறம் வென்றதற்கு விலை கொடுத்தவர் யார் என்று பார்ப்போம். அரசு ஒரு நாளைக் குறித்தது. 1696 மே 4ஆம் நாள் வரை, கத்தரித்த காசை வரி செலுத்துவோரிடமிருந்து முழு மதிப்பில் அரசு பெற்றுக்கொள்ளும். இச்சலுகை நல்லதே. ஆனால் வரி செலுத்துவோர் யார்? நிலமுடையோர், வணிகர், பொருள் படைத்தோர். அவர்கள் தம் பழங்காசு அனைத்தையும் வரியாகவும் அரசுக்குத் தந்த கடனாகவும் முழு மதிப்பில் தள்ளிவிட்டனர். நாட்டுப்புறக் கூலியாளுக்கு ஒரு ஷில்லிங் என்பது ஒருநாள் உழைப்பை ஒட்டிய தொகை. அவனுக்கு வரி இல்லை. ஆகவே சலுகையும் இல்லை. அவன் கைக்காசு எடைக்குத்தான் செல்லும், அதாவது பாதிக்கு. காலக்கெடு நெருங்க நெருங்க, எளியோரிடமிருந்து குறைந்த விலைக்குப் பழங்காசு வாங்கி, அதனையே முழு மதிப்பில் வரியாகக் கட்டி ஊதியம் கண்டோரும் இருந்தனர்.

கெடு முடிந்தது. பழங்காசு செல்லாது, புதுக்காசு போதாது. 1696ஆம் ஆண்டுக் கோடையில் நாடெங்கும் காசுப் பஞ்சம். ஈராண்டுகளுக்கு முன் தொடங்கிய இங்கிலாந்து வங்கியே வந்தோர்க்கு முழுத்தொகை தர இயலாமல், பகுதி பகுதியாகக் கொடுத்தது. வணிகர் ஏட்டில் பற்று எழுதிக் காலம் தள்ளினர். ஏட்டில் எழுதுவதற்குப் பெயரில்லாத ஏழைகள் என் செய்வர்? எந்நேரமும் கலகம் மூளலாம் என்னும் அச்சத்தை அக்காலத்து நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லின் பதிந்து வைத்துள்ளார்.

இழப்பை ஈடுசெய்ய அரசு விதித்த வரியும் குறிப்பிடத்தக்கது. வீட்டின் சாளரங்களை எண்ணி வரி விதித்தனர். பத்துக்கு மேற்பட்ட சாளரம் உடைய வீட்டுக்கு வரி மிகுதி. செல்வர்மேல் சுமை ஏற்றும் நோக்கம் அதில் இருந்தது என்பது உண்மை. ஆயினும் வரிக்கு அஞ்சிப் பலர் சாளரங்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். பல குடிகள் சேர்ந்து வாழ்ந்த பெரிய கட்டடங்களில் ஏழைகளே காற்றும் ஒளியும் இழந்தனர். சில ஆண்டுகளுக்கென வந்த அவ்வரி 1851 வரை நீங்கவில்லை. அடைக்கப்பட்ட அச்சாளரங்கள் சிலவற்றை இன்றும் இங்கிலாந்தின் பழைய வீடுகளில் காணலாம்.

நியூட்டனின் பங்கு

1696ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் நியூட்டன் அக்கசாலையின் காப்பாளராகப் பொறுப்பேற்றார். பேரறிஞர் ஒருவருக்குக் கொடுத்த ஓய்வுப்பதவி எனப் பலர் கருதினர். அவர் அப்படிக் கருதவில்லை. தாம் விரும்பிய திட்டம் தோற்றபோதும், வென்ற திட்டத்தை முழு மனத்துடன் நிறைவேற்றினார். குதிரைகள் சுழற்றிய உருளைகள் தகடு தட்டின. பொறிகள் நிமிடத்திற்குச் சுமார் 50 காசு அடித்தன. பிரிஸ்டல், செஸ்டர், எக்சிட்டர், நாரிச், யார்க் ஆகிய ஐந்து நகர்களில் துணை அக்கசாலைகள் எழுந்தன. வால்மீனுக்குத் தம் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி செஸ்டரில் பணியாற்றினார். 1699ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 68 இலட்சம் பவுன் மதிப்புள்ள வெள்ளிக்காசு புதிதாய் அடிக்கப்பட்டது. கள்ளக்காசு அடித்தோரையும் நியூட்டன் விடாது தேடினார். வில்லியம் சலோனர் என்னும் பெருங்கள்ளன் அவர் திரட்டிய சான்றுகளால் 1699இல் தூக்குமேடை ஏறினான்.

ஆனால் லவுண்ட்ஸ் அஞ்சியது ஓரளவு பலித்தது. பொன்னுக்கு எதிரே வெள்ளிக்கு இங்கிலாந்து வைத்த மதிப்பு குறைவு. கீழ்நாடுகளில் மதிப்பு மிகுதி. ஆகவே புதுக்காசு உருகிக் கட்டியாகிக் கப்பலேறியது. 1717இல் நியூட்டன் தந்த அறிக்கையில் சீனம், சப்பான், இந்தியா ஆகிய நாடுகளில் பொன் மலிவு, வெள்ளி அருமை என்பதைக் காரணமாகக் காட்டினார். அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிற்குக் கொணர்ந்த பொருள்களுள் தலையாயது வெள்ளியே. வங்காளத்திலும் சூரத்திலும் சோழமண்டலக் கரையிலும் அது துணி வாங்கப் பயன்பட்டது. நம் நெசவாளர் கைத்தறிக்கும் இலண்டன் அக்கசாலைக்கும் இடையே இப்படி ஒரு வெள்ளிச்சரடு ஓடியது. கினியின் மதிப்பு 1717இல் 21 ஷில்லிங் என்று உறுதியாயிற்று. வெள்ளி மெல்ல மெல்லப் பின்வாங்க, இங்கிலாந்து பொன்னை அளவுகோலாகக் கொண்ட நாடாயிற்று.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றில் அரசன் மாற்றைக் குறைத்தான். கத்தரிப்போர் எடையைக் குறைத்தனர். இரண்டும் களவு என்பதில் ஐயமில்லை. மூன்றாவதாக வந்தது திருத்தம். அதனைச் செய்தோர் கள்வர் அல்லர். நாட்டின் தலைசிறந்த அறிவாளரும் நேர்மையாளரும் ஆவர். அவர்கள் காசின் எடையைக் காத்தனர். ஆனால் அக்காசைக் கூலியாகப் பெற்றவனைக் காக்க மறந்தனர். எவன் ஓரத்தை நறுக்கினானோ அவன் துகளை முன்பே உருக்கி விற்றுவிட்டான். நறுக்கிய காசு பல கைகள் மாறி, கடைசியில் எவன் கையில் தங்கியதோ அவனே நறுக்கியவனுக்கும் சேர்த்து விலை கொடுத்தான். முழுக்காசு என்று நம்பி வாங்கியதைத் தவிர அவன் செய்த பிழை வேறில்லை.

வாக்குறுதியைக் காப்பது அறம் என்று லாக் கூறியது உண்மை. அவ்வாக்குறுதி, கடன் பத்திரம் வைத்திருப்பவர்க்கு மட்டும் உரியதன்று. உழைத்து முடித்து மாலையில் கைநீட்டிக் கூலி வாங்குபவனுக்கும் உரியது என்பதும் அதே அளவு உண்மை. இங்கிலாந்து இரண்டாவதை உணரக் காலம் மிகப் பிடித்தது.

அருங்காட்சியகங்களில் அக்காலத்துச் சம்மட்டிக் காசுகளைக் காணும் வாய்ப்பு நம் அன்பர்கட்குக் கிட்டுமாயின், நடுவே உள்ள அரசன் முகத்தை மட்டும் பார்த்து மீள வேண்டா. ஓரத்தையும் உற்று நோக்குக. எழுத்துகள் பாதியில் அறுந்திருக்கும். அறுந்துபோன அவ்வோரத்திலேதான், பெயரறியாத எளியோர் பலர் இழந்த நாட்கூலி எழுதப்பட்டிருக்கிறது. நாணயம் என்னும் ஒரே சொல்லால் காசையும் நேர்மையையும் குறிக்கும் மொழியைப் பேசும் நாம் அதனைப் படிக்கத் தவறலாகாது.